கடைசி இருபது நிமிடத்திலிருந்து தொடங்கிய ஓவிய வகுப்பு: ஓர் ஈராசிரியர் பள்ளியின் நிகழ்வு ஆய்வு

காங்கேயத்திலிருந்து தாராபுரம் போகும் சாலையை ஒட்டி, ஊதியூர் மலை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இருக்கிறது எங்கள் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி. ஒன்று முதல் ஐந்து வரை 43 பிள்ளைகள். தலைமையாசிரியர் ஒருவர், இடைநிலை ஆசிரியராக நான் ஒருத்தி. இரண்டு வகுப்பறை, ஒரு தாழ்வாரம், சத்துணவுக் கூடம், அதன் பக்கத்தில் ஒரே ஒரு தண்ணீர்க் குழாய். ஒரு கல்வியாண்டு முழுக்க, வெள்ளிக்கிழமை மதியம் 2 மணியிலிருந்து 3.20 வரை ஓவிய வகுப்பு நடத்தினோம். வாராவாரம் நோட்டில் குறித்து வைத்ததைக் கொண்டுதான் இதை எழுதுகிறேன். இதே போன்ற பள்ளியில் இருக்கிற இன்னொரு ஆசிரியருக்கு, நாங்கள் வீணாக்கிய ஆறு வாரமாவது மிச்சமாகட்டும்.

ஓவியத்துக்குத் தனி ஆசிரியர் இல்லையா என்று பெற்றோர் கேட்பது உண்டு. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி, தொடக்கப்பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள். ஓவியத்துக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் என்பது ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு, அதுவும் 100 பிள்ளைகளுக்கு மேல் இருந்தால்தான். ஆக, எதையும் பயமில்லாமல் வரைகிற ஐந்து வயதிலிருந்து பத்து வயது வரை, வகுப்பாசிரியர்தான் ஓவிய ஆசிரியரும். பணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 31 முதல் 100 பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு ஒருங்கிணைந்த பள்ளி மானியம் ஆண்டுக்கு 25,000 ரூபாய். அதில் பத்தில் ஒரு பங்காவது தூய்மைப் பணிக்குப் போக வேண்டும். சாக்பீஸ், பல்பு, பழுது எல்லாம் போக ஓவியத்துக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தில் எதை வாங்குவது, எதை வாங்கக் கூடாது என்பதற்கு அப்புறம் வருகிறேன்.

வீணான ஆறு வாரம்

முதல் வெள்ளிக்கிழமை கரும்பலகையில் ஒரு மாம்பழம் வரைந்தேன். 43 மாம்பழம் வந்தது. காம்பு வளைந்த பக்கம்கூட எல்லாவற்றிலும் ஒன்றே. அடுத்த வாரம், “உங்களுக்குப் பிடிச்சதை வரைங்க கண்ணு” என்று விட்டேன். இரண்டு முக்கோண மலை, நடுவில் பாதிச் சூரியன், அதிலிருந்து வளைந்து வரும் ஆறு, ஒரு தென்னை, ஒரு குடிசை. ஐந்தாம் வகுப்பிலிருந்து ஒன்றாம் வகுப்பு வரை இதேதான். எங்கள் ஊரில் குடிசை ஒன்றுகூட இல்லை. எல்லாம் ஓட்டு வீடு, இல்லாவிட்டால் தார்சு வீடு. ஆறும் இல்லை. ஜன்னல் வழியே தெரிகிற ஊதியூர் மலை முக்கோணமாக இல்லவே இல்லை; நீளமாகப் படுத்துக் கிடக்கிற மலை அது.

மூன்றாம் வாரம் போஸ்டர் கலர் வாங்கிக்கொண்டு போனேன். அன்றைக்கு நடந்ததை முழுதாகச் சொல்ல வேண்டும். 43 பேருக்கும் தூரிகை இல்லை. இருந்த 20ஐ மாற்றி மாற்றிக் கொடுத்தோம். கடைக்காரர் தந்தது 2ஆம் நம்பர் தூரிகை, ஈர்க்குச்சி கனம். சின்னப் பிள்ளைகள் அதை அழுத்தித் தேய்த்ததில் பத்து நிமிடத்தில் முடியெல்லாம் பூவாக விரிந்துவிட்டது. தண்ணீருக்கு எவர்சில்வர் டம்ளர் வைத்திருந்தேன். நாலு டம்ளர் சாய்ந்தது, அதில் ஒன்று வருகைப் பதிவேட்டின் மேல். கை கழுவ எல்லோரும் ஒரே நேரத்தில் குழாயடிக்கு ஓடினார்கள். ஈரப் படங்களை உலரட்டும் என்று தாழ்வாரத்தில் பரப்பி, மூலைக்கு ஒரு கல் வைத்தோம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று ஆனி, ஆடியில் எங்கள் பக்கம் எப்படி அடிக்கும் என்று இங்கே காற்றாலையைப் பார்க்கிற எவருக்கும் தெரியும். கல்லோடு சேர்த்துத் தூக்கியது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, தன் படம் இட்டேரிப் (இருபுறமும் வேலி உள்ள பாதை) பக்கம் கிளுவை வேலியில் போய்ச் சிக்கிக்கொண்டதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அழவில்லை. அடுத்த வாரம் பெயிண்ட் வேண்டாம் என்று மட்டும் சொன்னாள்.

அதற்கப்புறம் கடிகாரம் பார்த்துக் குறிக்க ஆரம்பித்தேன். 80 நிமிடத்தில் பொருள் கொடுத்து முடிக்க 20 நிமிடம், கழுவி அடுக்க 25 நிமிடம். பிள்ளைகள் உண்மையில் வரைந்தது 35 நிமிடம். அதிலும் பாதி நேரம் தூரிகைக்குக் காத்திருந்தார்கள்.

ஆறாம் வாரம் முடிந்த அன்று, நிறுத்திவிடலாமா என்று தலைமையாசிரியரிடம் கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்: “டீச்சர், சந்தைக்குப் போறவங்க திரும்பி வர்ற பஸ் எத்தனை மணிக்குன்னுதானுங்க மொதல்ல பாக்கோணும். நீங்க போற பஸ்ஸை மட்டும் பாக்கறீங்க.”

அதுதான் இந்த ஆய்வின் மையம். என்ன வரைவது என்பதிலிருந்து திட்டம் போடுவதை விட்டுவிட்டு, வகுப்பு எப்படி முடிவடையும் என்பதிலிருந்து போட்டோம். தண்ணீர் எங்கே போகும், ஈரத் தாள் எங்கே படுக்கும், கை எதில் துடைபடும். இந்த மூன்றுக்கும் பதில் இல்லாத பாடம் எவ்வளவு நல்ல பாடமாக இருந்தாலும் அந்த வாரம் இல்லை என்று முடிவு செய்தோம்.

முடிவிலிருந்து முன்னால் வந்தது

முதல் மாற்றம், ஈர வேலையைப் பாதியாக்கியது. ஒரு வாரம் பாதிப் பேருக்குப் பெயிண்ட். மீதிப் பாதிக்கு மெழுகு கிரேயான், பென்சில், வெட்டி ஒட்டுதல் போன்ற உலர் வேலை. அடுத்த வாரம் மாற்றிக்கொள்வார்கள். இந்த ஒன்றிலேயே தூரிகை போதுமானதாகிவிட்டது, உலர்த்தும் இடமும் பாதியாகிவிட்டது. தலைமையாசிரியர் உலர் கூட்டத்தோடு ஓர் அறையில் இருப்பார், நான் ஈரக் கூட்டத்தோடு. நாலைந்து பேர் கொண்ட குழுக்கள். 2022இல் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்ததிலிருந்து ஒன்று முதல் மூன்று வரை கலந்து உட்கார்ந்து பழகியவர்கள்தான் என்பதால் குழு பிரிப்பது சிரமமாக இல்லை.

இரண்டாவது, குழாயை ஓவிய வகுப்பிலிருந்து எடுத்தே விட்டோம். நான் திருப்பூரில் பிறந்து வளர்ந்தவள். அப்பா பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். கட்டிங் வேஸ்ட் எங்கள் வீட்டில் எப்போதும் ஒரு மூட்டை கிடக்கும். இத்தனை வாரம் அது எனக்குத் தோன்றாமல் போனது ஆச்சரியம்தான். பனியன் துணி தண்ணீரை நன்றாக இழுக்கும். ஆனால் பார்த்து வாங்க வேண்டும்: பாலியெஸ்டர் கலந்தது இழுக்காது, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் மேலேயே உருளும். சாயம் போட்ட துணி ஈரத்தில் சாயம் விடும். வெள்ளைப் பருத்தி வேஸ்ட்தான் சரி. குழுவுக்கு இரண்டு ஈரத் துணி. முதல் துணியில் கனமான பெயிண்ட்டைத் துடைக்க வேண்டும், இரண்டாவதில் மிச்சத்தை. பிள்ளைகள் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழ வேண்டியதே இல்லை. வகுப்பு முடிந்ததும் துணிகள் ஒரு பக்கெட்டில் விழும். அவற்றை அலசுவது அந்த வாரத்தில் பொறுப்பில் இருக்கிற இரண்டு பேர். குழாயடிக்கு இரண்டே பேர் போவதற்கும் 43 பேர் போவதற்கும் உள்ள வித்தியாசத்தை முதல் வாரமே உணர்ந்தோம்.

மூன்றாவது, அட்டை. பனியன் கம்பெனிப் பெட்டிகளைப் பிரித்து, ஆளுக்கு ஒன்றாக வெட்டினோம். தரையில் உட்கார்ந்து வரைகிற பிள்ளைகளுக்கு அதுதான் மேசை. வரைந்து முடித்ததும் தாளைத் தொடவே கூடாது. அட்டையோடு தூக்கிக்கொண்டு போய் சுவரோரம் வைக்க வேண்டும், காற்று வராத கிழக்குச் சுவர். திங்கட்கிழமை காலை தாளை மட்டும் எடுத்தால் போதும். கொடி கட்டிக் கிளிப் போட்டுத் தொங்கவிடுவதை முயன்று பார்த்துக் கைவிட்டோம். ஈரமாக இருக்கும்போது தொங்கவிட்டால் பெயிண்ட் வழிந்து, பிள்ளை வரைந்த மேகம் மழையாகிவிடுகிறது.

பெயிண்ட் வைக்க முதலில் சத்துணவுக் கூடத்து முட்டை அட்டையைத்தான் எடுத்தோம். அதை யாருக்கும் சொல்ல மாட்டேன். காகித அட்டை தண்ணீரில் ஊறிப்போகிறது என்பது ஒரு பக்கம். உடைந்த முட்டை ஒட்டிக் காய்ந்த அட்டையில் பிள்ளை கையை வைத்துவிட்டு வாயில் வைக்கும் என்பதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. காங்கேயம் தேங்காய்க் களம் நிறைந்த ஊர், கொட்டாங்கச்சிக்குப் பஞ்சமில்லை. உள்பக்கம் வழித்துக் கழுவிய கொட்டாங்கச்சி நல்ல பெயிண்ட் கிண்ணம். அடி உருண்டை என்பதால் உருளும். அதற்கு நாலாம் வகுப்புப் பெண் ஒருத்தி வழி கண்டுபிடித்தாள்: பனியன் துணியைத் திரித்து ஒரு குட்டிச் சும்மாடு செய்து அதன் மேல் வைத்தாள். அவள் அம்மாயி தலையில் குடம் வைப்பதைப் பார்த்த பிள்ளை. அன்றிலிருந்து 25 சும்மாடு பள்ளியின் சொத்து. தண்ணீருக்கு டம்ளரை ஒழித்துவிட்டு அடி அகலமான போசி வைத்தோம், அதுவும் அரைப் போசித் தண்ணீர்தான்.

வாங்கியது, வாங்காதது. 24 வண்ணப் பெட்டி வாங்கவில்லை. சிவப்பு, மஞ்சள், நீலம், வெள்ளை, கறுப்பு ஐந்து மட்டும், பெரிய பாட்டில். பச்சை இல்லையே என்று பிள்ளைகள் தேடினால்தான் மஞ்சளும் நீலமும் சேர்ந்து என்ன ஆகும் என்று அவர்களே பார்ப்பார்கள். தூரிகை 8, 10ஆம் நம்பர், கொஞ்சம் தட்டைத் தூரிகை. நம்பர் ஏற ஏறப் பெரிசு. சின்னக் கைக்குப் பெரிய தூரிகைதான் கொடுக்க வேண்டும். முடி கீழே இருக்கும்படி தண்ணீரில் நிற்க விடவே கூடாது. அலசி, நுனியைக் கூராக்கி, படுக்க வைத்து உலர்த்தினால் ஒரு வருடம் தாராளமாக வரும். தாளுக்கு ஏ4 வேண்டாம், தண்ணீர் பட்டால் சுருண்டுவிடும். 22க்கு 28 அங்குல சார்ட்டை எட்டாக வெட்டினால் 7க்கு 11 அங்குலம் கிடைக்கும். ஆறு சார்ட்டில் 48 தாள், எல்லோருக்கும் ஒன்று போக ஐந்து மிச்சம். மாதக் காலண்டரின் பின்பக்கம் வழவழப்பு, பெயிண்ட் பிடிக்காது. ஒட்டு வேலைக்கு நன்றாக இருக்கும்.

பசை வாங்கவே இல்லை. ஒரு கப் மைதாவைப் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, நாலைந்து கப் கொதிக்கும் தண்ணீரில் ஊற்றிக் கிளறினால் கண்ணாடி மாதிரி வரும். உப்பு ஒரு சிட்டிகை. சுவரொட்டி ஒட்டுகிறவர்கள் கெடாமல் இருக்க மயில் துத்தம் போடுவார்கள். அது விஷம், பள்ளிப் பக்கமே வரக் கூடாது. வெயில் காலத்தில் இந்தப் பசை ஒரே நாளில் புளித்துவிடும், அன்றன்றைக்குச் செய்வதுதான் நல்லது. கத்திரிக்கோலுக்கு ஒரு பலகையில் பத்து ஆணி அடித்தோம், ஆணிக்கு ஒன்று. காலி ஆணி இருந்தால் யாரும் வெளியே போவதில்லை.

தாள் கைக்கு வந்ததும் முதல் வேலை, பின்பக்கம் பேரும் தேதியும் எழுதுவது. எழுதத் தெரியாத ஒன்றாம் வகுப்புக்கு ஆளுக்கு ஓர் அடையாளம் கொடுத்தோம்: விளக்கு, ஏணி, ஆட்டுக்கொம்பு.

செப்டம்பரில் மறுபடி நேரம் பார்த்தேன். கொடுக்க 6 நிமிடம், முடிக்க 10 நிமிடம். 64 நிமிடம் பிள்ளைகளுக்கு. பெயிண்ட் வேண்டாம் என்ற அந்தப் பிள்ளை, புது ஏற்பாட்டின் நாலாவது வாரம் எதுவும் சொல்லாமல் ஈரக் கூட்டத்தில் வந்து உட்கார்ந்திருந்தாள்.

கிடைத்த நேரத்தில் என்ன செய்தோம்

கரும்பலகையில் வரைவதை நிறுத்தினேன். பதிலாக, வகுப்பின் முதல் பத்து நிமிடம் வெளியே. ஒரு வாரம் மலையைப் பார்த்தோம். “மலை எங்க ஆரம்பிக்குது? எங்க முடியுது? சூரியன் இப்ப எங்க இருக்கான்?” இவ்வளவுதான் கேட்டேன். ஒருத்தன் விரலை நீட்டிக் காற்றில் மலையின் முதுகை வருடிக்கொண்டே போனான். “முடியவே மாட்டேங்குதுங்க டீச்சர்” என்றான். அன்றைக்குப் பல தாளில் மலை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஓடியது. முக்கோணம் முழுதாகப் போய்விடவில்லை. பழகிய கை உடனே விடாது, விடவும் நான் அவசரப்படுத்தவில்லை. ஆனால் குடிசைக்குப் பதில் காற்றாலையும் கிளுவை வேலியும் வந்தன.

கலந்த வகுப்பில் ஒரு தொல்லை உண்டு. அக்கா தம்பிக்கு வரைந்து கொடுத்துவிடுவாள். பாசத்தில்தான் செய்கிறாள், ஆனால் தம்பி அப்புறம் தானாக வரைய மாட்டான். ஒருவர் தாளில் இன்னொருவர் கை படக் கூடாது, காட்ட வேண்டுமானால் தனித் தாளில் காட்டலாம் என்று வைத்தோம். இந்த விதி முதலில் கட்டுப்படுத்தியது என்னைத்தான்.

மஞ்சள் பாடம் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஏற்றது. ஈரோட்டு மஞ்சள் தூளைக் கரைத்துத் தாள் முழுக்கப் பூசி உலரவிட்டோம். அடுத்த வாரம் துணி சோப்பு கரைத்த தண்ணீரில் தூரிகையைத் தொட்டு வரையச் சொன்னேன். போகப் போகக் கோடு சிவப்பாக எழுந்தது. “ஆலாத்தி டீச்சர்!” என்று கத்தினார்கள். ஆரத்தியில் சுண்ணாம்பு செய்கிற வேலையைத்தான் சோப்பின் காரமும் செய்கிறது. சுண்ணாம்பு கையையும் கண்ணையும் புண்ணாக்கும் என்பதால் சோப்பு. எலுமிச்சைச் சாறு தொட்டால் மறுபடி மஞ்சளாகிவிடும். இந்தப் படங்களை வெயில் படுகிற சுவரில் மாட்டாதீர்கள், சில நாளில் வெளுத்துவிடும். சீருடையில் பட்ட கறைக்கு அதே வெயில்தான் மருந்து.

மாட்டுவதைப் பற்றி ஒன்று. நல்ல படம் பத்தைத் தேர்ந்தெடுத்து மாட்டுவதை நிறுத்திவிட்டு, 43ஐயும் பிள்ளைகளின் கண் உயரத்தில், தரையிலிருந்து மூன்றடியில் மாட்டினோம். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு வந்த பெற்றோர் குனிந்தும் உட்கார்ந்தும் பார்த்தார்கள். “படிக்கற நேரத்துல இது எதுக்குங்க டீச்சர்?” என்று முன்பு கேட்ட ஒரு அப்பா, தன் மகன் படத்தின் முன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அவனிடம் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். என்ன கேட்டார் என்று நான் விசாரிக்கவில்லை.

தீராதவை: களிமண் வேலை செய்யவே முடியவில்லை. தாழ்வாரத்தில் உலர வைத்தால் நாய் மிதித்துவிடுகிறது. வரும் தையில் பட்டிப் பொங்கலுக்குத் தெப்பக்குளம் கட்டுகிற மாதிரி பள்ளி மைதானத்திலேயே மண்ணில் கட்டிப் பார்க்கலாம் என்று இருக்கிறோம். உலர்த்தி எடுத்து வைக்கிற வேலை அதில் இல்லை. ஒன்றாம் வகுப்புக்கு 64 நிமிடம் நீளம். 40 நிமிடத்தில் அவர்களை மட்டும் முடிக்க வைக்க இன்னும் ஏற்பாடு அமையவில்லை.

செனை மாடு

மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவனின் இரண்டு படங்களைச் சொல்லாமல் இந்த ஆய்வு முடியாது.

ஆகஸ்ட் மாதம், உலர் வேலை வாரம். கிரேயானில் ஒரு மாடு வரைந்திருந்தான். கொம்பு, திமில் எல்லாம் இருந்தது. வயிற்றுக்குள் சிவப்பாக ஒரு குட்டி உருவம், நாலு காலோடு. பக்கத்தில் இருந்தவன் சிரித்தான். நானும், “வயித்துக்குள்ள இருக்கறது வெளிய தெரியாதில்ல சாமி” என்று சொல்ல வாயெடுத்தேன். எதற்கோ நிறுத்திக்கொண்டு, “இது என்ன?” என்று கேட்டேன்.

“செனைங்க டீச்சர். உள்ள கன்னுக்குட்டி இருக்குதுங்க.”

இந்த வயதுப் பிள்ளைகள் கண்ணுக்குத் தெரிவதை மட்டும் வரைவதில்லை, தங்களுக்குத் தெரிந்ததையும் சேர்த்தே வரைவார்கள். வீட்டை வரைந்தால் சுவர் வழியே உள்ளே இருப்பவர்களும் தெரிவார்கள். அதைத் தவறு என்று திருத்தினால், அடுத்த முறை அவன் கரும்பலகை மாட்டைத்தான் வரைவான். நான் கேட்டது வேறு: “அம்மா மாடு மயிலை. கன்னு ஏன் சிவப்பு?”

என்னை ஒரு மாதிரி பார்த்தான். “பொறக்கறப்ப செவலையாத்தானுங்க இருக்கும். பொறகுதான் மயிலையாகும். அப்புச்சி சொல்லுச்சுங்க.”

காங்கேயம் இனக் கன்றுகள் பிறக்கும்போது செந்நிறமாக (செவலை) இருந்து, ஆறு மாதம் போல ஆகும்போது சாம்பல் நிறத்துக்கு (மயிலை) மாறும். டவுனில் வளர்ந்த எனக்கு அது அன்றைக்குத்தான் தெரியும்.

செப்டம்பரில் கன்று ஈன்றது என்று வந்து சொன்னான். பிப்ரவரி கடைசி வெள்ளிக்கிழமை அவனுக்குப் பெயிண்ட் வாரம். அட்டையை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் ஒன்றும் தொடாமல் இருந்தான். அப்புறம் கூப்பிட்டான்.

“டீச்சர், பாதி செவலை, பாதி மயிலைக்கு எந்தக் கலருங்க?”

“ஐந்து கொட்டாங்கச்சி இருக்குது, பாரு கண்ணு” என்றேன்.

சிவப்பும் மஞ்சளும் கலந்து, துளி கறுப்பு சேர்த்தான். செவலை வந்தது. அதில் வெள்ளையை ஊற்றியதும் இளஞ்சிவப்பாகிவிட்டது. தலையை ஆட்டிவிட்டு அட்டையின் ஓரத்தில் துடைத்தான். இரண்டாவது கலவையில் நீலம் கூடிப்போனது. மூன்றாவதில் வெள்ளையையும் கறுப்பையும் தனியாகக் கலந்து சாம்பல் எடுத்து வைத்துக்கொண்டு, அதைச் செவலையின் மேல் ஈரம் காயும் முன்னே தொட்டுத் தொட்டு வைத்தான். முதுகில் சாம்பல், காலிலும் காதோரத்திலும் இன்னும் போகாத சிவப்பு. மணி 3.10 ஆனதும் துணிப் பொறுப்புக்காரர்கள் சுற்றி வந்தார்கள். விரல்களை முதல் துணியில் துடைத்து, இரண்டாவதிலும் துடைத்து, கன்றை அட்டையோடு தூக்கிக்கொண்டு போய்க் கிழக்குச் சுவரோரம் வைத்தான்.